வாரியில் இறங்கிய பீரங்கி

கொம்புக்கு எண்ணெய் பூசாமல் வந்திருக்கலாம். விடிந்ததிலிருந்து பாவாயிக்கு இதே நினைப்புத்தான். எதை நினைக்கத் தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி அந்தக் கொம்பில் வந்து நின்றது. முந்தாநாள் கும்பினிப் பட்டாளத்து ஆட்கள் ஊருக்கு ஊர் தமுக்கு அடித்துவிட்டுப் போனார்கள். சீரங்கப்பட்டணத்துச் சண்டைக்குப் பீரங்கி இழுக்க மாடு வேண்டும், கிணறு இறைக்கிற மாடுகளையெல்லாம் சங்ககிரி மலையடிப் பொட்டலுக்கு ஓட்டி வந்துவிட வேண்டும், நல்லதாகப் பார்த்துத் துரையே பொறுக்கிக்கொள்வார், வராதவன் வீட்டுக் கூரை பிரிக்கப்படும். புத்தியுள்ள சனம் இதைக் கேட்டதும் என்ன செய்தது? மாட்டைச் சாணிக்குழியில் புரட்டியது. தவிடு காட்டாமல் வயிற்றை ஒட்டவைத்தது. வாலில் முள்ளும் ஒட்டுப்புல்லும் அப்பிவிட்டது. பாவாயி என்ன செய்தாள்? கோழி கூப்பிட எழுந்து இரண்டு மாடுகளையும் கிணற்றடிக்கு ஓட்டிப் போய் வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டினாள். குளம்பிடுக்குச் சேற்றைக் குச்சியால் நோண்டி எடுத்தாள். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக் கொம்பு நுனிவரைக்கும் நீவினாள். வேண்டுமென்று செய்யவில்லை. நாலு பேர் கூடுகிற இடத்துக்கு மாட்டைக் கழுவாமல் கூட்டிப் போக அவளுக்குக் கை வராது, அவ்வளவுதான். பாதி வழி வந்த பிறகு, இளவெயில் பட்டுக் கொம்பு நாலும் பளபளவென்று மின்னியபோதுதான் அவளுக்கு உறைத்தது. அடிப் பாவி, நீயே பொட்டு வைத்து அனுப்பி வைக்கிறாயே என்று தன் தலையிலேயே ஓர் அடி போட்டுக்கொண்டாள். வழியில் கிடந்த புழுதியை வாரிக் கொம்பில் பூசிப் பார்த்தாள். எண்ணெயில் புழுதி ஒட்டியது. ஒட்டி, செம்மண் பூசிக் கோலம் போட்ட மாதிரி இன்னும் அழகாகப் போய்விட்டது.

இப்போது நாற்பது ஜோடி மாடுகள் பொட்டலில் வரிசை கட்டி நின்றன. அதில் முப்பத்தொன்பது ஜோடி சந்தையில் விலை போகாமல் திரும்பியவை போல் நின்றன, அவள் ஜோடி மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்ததுபோல் நின்றது. பக்கத்தில் கொழந்தையன். அவள் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரர், ஒரே வரப்பு. ஊரில் அவளைக் கேலி பேசுவதற்கென்றே பொழுது விடிகிற ஆள். "ஏம் பாவாயி, ஒரு சலங்கையுங் கட்டியிருக்கலாமல்ல? தொரைக்குக் காது குளுந்திருக்கும்" என்றார். "சும்மா இருங்ணா. நானே வெந்துக்கிட்டு இருக்கறன்" என்றாள். அவர் மாடுகளைப் பார்த்தால் அழுகை வந்தது. மூன்று நாளாகத் தீனி இல்லாமல் விலா எலும்பு எண்ணி எடுக்கலாம் போலிருந்தது. ஆனால் தப்பித்துவிடும். அந்த எலும்புகளுக்காகவே தப்பித்துவிடும். நாளைக் காலையில் கொழந்தையன் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றி ஒரே மாதத்தில் தேற்றிவிடுவார், அவர் கிணற்றில் தண்ணீர் ஏறும், அவர் காட்டுக் கேழ்வரகு பால் பிடித்து முற்றிக் கதிராகும். வரப்புக்கு இந்தப் பக்கம்? தண்ணீர் கட்டி இன்றைக்கு நாலாம் நாள். நாலாம் நாள் தண்ணீர் கட்டாவிட்டால் மாசிக் கடைசி வெயிலில் பால் பிடிக்கிற கதிர் அப்படியே பதராகிவிடும். மாட்டைக் கொண்டுபோய்விட்டால் ஐந்தாம் நாளும் இல்லை, ஆறாம் நாளும் இல்லை. ஓர் ஆள் கயிறு கட்டிச் சேந்தி ஒரு காட்டுக்குத் தண்ணீர் விட முடியுமா? ஒரு பாத்தி நனையுமுன் மறு பாத்தி காய்ந்துவிடும். அப்புறம் ஆடி வரைக்கும் எதைத் தின்பது? அதுவாவது போகட்டும், எங்காவது களையெடுத்துக் குடித்துக்கொள்ளலாம். மாடுகள்? சீரங்கப்பட்டணத்துக்குக் கணவாய் ஏறிப் போன மாடு எது திரும்பி வந்திருக்கிறது? ஒன்று சொல்லு பார்க்கலாம் என்று அவள் தனக்குள்ளேயே கேட்டாள். ஒன்றுகூட அவள் நினைவுக்கு வரவில்லை.

மாடு மட்டுமா? காலையில் பெயர் கேட்டபோது தரோகா, மாடு பொறுக்குவதற்கென்று பட்டாளம் வைத்திருக்கிற ஆற்காட்டு ஆள், பெரிய முண்டாசுக்காரர், அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பளை ஏம்மா மாட்டைப் புடிச்சிக்கினு வந்தே? உன் புருசன் எங்கே?" என்றார். பயந்துகொண்டுதான் நின்றாள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எங்கிருந்தோ ஒரு தெளிவு வந்தது. "போன சண்டைக்கு உங்க பட்டாளத்தோட அரிசிப் பொதி ஓட்டிக்கிட்டு வந்தாருங்க. எங்க இருக்கறாருன்னு நீங்கதான் எனக்குச் சொல்லோணும்" என்றாள். தரோகா மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த ஜோடிக்குப் போய்விட்டார். ஏழு வருசம். நாச்சப்பனைக் கூட்டிப் போனது ஒரு வியாழக்கிழமை. மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்றார். மாடுகளுக்கு உப்புக்கட்டி இரண்டை மடியில் கட்டிக்கொண்டார், தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. செத்தார் என்று எவரும் வந்து சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. பொதிமாட்டுக்காரன் எத்தனை பேர் போனான், எத்தனை பேர் வந்தான் என்று எந்தப் பட்டாளம் பார்க்கிறது? சிப்பாய் செத்தாலாவது துப்பாக்கி ஒன்று குறையும். பொதிக்காரன் குறைந்தால் அவன் பொதியை அடுத்தவன் மாட்டில் ஏற்றிவிடுவார்கள், ஆயிற்று. தாலியைக் கழற்றச் சொல்லி ஊர் இரண்டு தடவை சொன்னது. ஆளைக் காட்டுங்கள், இல்லை சாம்பலைக் காட்டுங்கள், கழற்றுகிறேன் என்றாள். கழற்றவில்லை. அந்த மனுசன் முகம்கூட இப்போது சரியாக நினைவுக்கு வருவதில்லை என்பதுதான் அவளுக்குக் கோபம். குரல் இருக்கிறது. முகம் போய்விட்டது. இறைக்கிறபோது கிணற்று மேட்டிலிருந்து அவர் பாடுகிற குரல் ஊர்க்கோடி வரைக்கும் கேட்கும். "ஏழாம் பறி ஏறிருச்சு, எட்டாம் பறிக்கு வாங்க சாமி, வாங்க." மாடுகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். பெண்டாட்டியை ஏய் என்பார்.

அவர் போன பிறகு அவளே மாடு கட்டிக் கிணறு இறைத்தாள், கவலை ஓட்டினாள். பொம்பளை கவலை ஓட்டுகிறாள் என்று வேடிக்கை பார்க்க அடுத்த ஊரிலிருந்துகூட ஆள் வந்தது. இதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கிணற்று வாயிலிருந்து சரிவாக மண்ணை வெட்டி இறக்கியிருப்பார்கள், அதற்கு வாரி என்று பெயர். கிணற்றுக்குள் தோல்பறி தொங்கும். வடக்கயிற்றை நுகத்தில் மாட்டி மாடுகள் வாரியில் இறங்கினால் பறி மேலே ஏறும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும். வாரி அடிக்குப் போனதும் பறி தொட்டியில் கொட்டிவிடும். அப்புறம்தான் சங்கதி. மாடுகள் திரும்ப முடியாது, திரும்ப இடமில்லை. வாரியில் இறங்கின மாடு அப்படியே பின்னங்காலை எடுத்து வைத்து, பின்னாலேயே நடந்து, மேட்டுக்கு ஏற வேண்டும். வண்டி மாட்டையோ ஏர் மாட்டையோ அப்படி நடக்கச் சொல்லிப் பாருங்கள், மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். கண் இல்லாத பக்கம் எந்தப் பிராணி நடக்கும்? பின்னால் இருக்கிறவரை நம்பினால்தான் நடக்கும். இந்த இரண்டையும் அவள் இளங்காளைகளாக வாங்கினாள். மயிலையும் காரியும். மூன்று மாதம் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். காரி ஒரு நாள் அவளைச் சுவரோடு வைத்து அழுத்தி விலா எலும்பைப் பதம் பார்த்துவிட்டான். அடிக்கவில்லை. அவன் பின்தொடையில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுதும் அப்படியே நின்றாள். இந்தா, நான் இங்கேதான் இருக்கிறேன், உன் பின்னால்தான் இருக்கிறேன், பள்ளம் இல்லை, வா. நாச்சப்பன் பாட்டை வாய்விட்டுப் பாட அவளால் முடியவில்லை. புருசன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவள் கிணற்று மேட்டில் தொண்டையைத் திறந்தால் ஊர் என்ன சொல்லும்? அதனால் அதே ராகத்தை வாயை மூடிக்கொண்டு முனகினாள். மாடுகளுக்கு அது போதும். அந்த முனகல் கேட்டதும் இரண்டும் காதைப் பின்னால் மடித்து, பூப்போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து மேலே வரும். ஒரு நாளைக்கு நூறு தடவை. ஏழு வருசம்.

அப்போதுதான் அவள் ஓடையைப் பார்த்தாள். காலையிலிருந்து கண் முன்னேதான் இருந்தது, கொம்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததில் பார்க்கவில்லை. பொட்டலுக்கு மேற்கே வறண்ட ஓடை. பீரங்கி இறங்குவதற்காகக் கரையை வெட்டிச் சரிவு போட்டிருந்தார்கள். புதுமண், கெட்டித்து, இரண்டு பக்கமும் மண்சுவர். பொழுது கிளம்பியதிலிருந்து வியாபாரிகளின் வண்டி மாடுகளை ஆறாறு ஜோடியாகப் பூட்டி, பீரங்கியை அந்தச் சரிவில் இறக்கி, மணலைத் தாண்டி அக்கரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தேறிய மாட்டுக்குத் தொடையில் சூடு. ரோமம் பொசுங்குகிற வாடை வந்துகொண்டே இருந்தது. பாவாயி சரிவையே பார்த்தாள். அதன் ஆழத்தைப் பார்த்தாள், நீளத்தைப் பார்த்தாள். அது சரிவல்ல. அது வாரி. அச்சாக வாரி. நுகத்தில் பாரம், முன்னால் இறக்கம், இரண்டு பக்கமும் சுவர். என் மாடுகள் இதில் இறங்கினால் அடியில் போய் என்ன செய்யும்? நின்றுவிடும். நின்று, கொட்டுகிற தண்ணீர்ச் சத்தத்துக்குக் காது கொடுக்கும். அப்புறம் பின்னால் நடக்கும். ஐயோ. பின்னால் ஐந்து ஜோடி மாடு, சங்கிலி, அதற்குப் பின்னால் பீரங்கி. காலைச் சங்கிலி சுற்றிக்கொண்டால் எலும்பு போய்விடும். முடமான மாட்டை இவர்கள் அங்கேயே சுட்டுத் தின்றுவிடுவார்கள். இல்லை, அதற்கு முன்னால் என்னைக் கட்டிவைத்து உரிப்பார்கள். போன வாரம் ஓமலூர்ப் பக்கம் ஒருவன் மாட்டுக் குளம்பில் கருவேல முள்ளை ஏற்றி நொண்டவைத்தான் என்று கண்டுபிடித்து, வண்டிச் சக்கரத்தில் கட்டி முப்பது அடி அடித்தார்களாம். முப்பதாவது அடியின்போது அவன் கத்தவில்லையாம். பாவாயி தன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேர்த்திருந்தது.

ஆனால் நினைப்பு என்பது நாம் கட்டின இடத்தில் நிற்கிற மாடு அல்லவே. பயந்துகொண்டிருக்கும்போதே அது இன்னொரு பக்கம் மேயப் போய்விட்டது. பின்னால் நடந்தால் என்ன? என் மாடு மட்டும் நடந்தால்தான் சங்கிலி சுற்றும். ஆறு ஜோடியும் நடந்தால்? இங்கே நிற்கிற நாற்பது ஜோடியும் கவலை மாடுகள். ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு நூறு தடவை பின்னால் நடக்கிற மாடு. சாணியைப் பூசியிருந்தாலும் விலா தெரிந்தாலும் அது மாறாது. ஆறு ஜோடியும் சேர்ந்து பின்னால் வந்தால் சங்கிலி தளர்ந்துதானே கிடக்கும், எந்தக் காலையும் இழுக்காதே. அப்படியானால்? வேண்டாம், வேண்டாம் என்று தலையை உதறினாள். தலையில் வெயில் ஏறிவிட்டது, அதனால் வருகிற நினைப்பு. எண்ணெய் பூசாமல் வந்திருக்கலாம். பூசாமல் வந்திருந்தால் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். முள் குத்தியவன் பொய் செய்தான், அதற்கு அடித்தார்கள். இது பொய்யா? நான் என்ன சொல்லிக் கொடுத்தேனோ அதைத்தானே மாடு செய்யும். மாடு தன் வேலையைச் செய்தால் அது பொய்யாகுமா? தரோகாவுக்கு முன்னால் இந்த நியாயமெல்லாம் நிற்குமா? நிற்காது. நிற்குமா? அக்கட்டில், கொஞ்சம் தள்ளி, ஒரு சிப்பாய் கூடாரத்து நிழலில் உட்கார்ந்து வெங்காயம் கடித்துத் தின்றுகொண்டிருந்தான். அந்த வாடைக்கு அவள் வயிறு கூப்பிட்டது. இத்தனைக்கும் நடுவில் பசி வேறு, வெட்கம் கெட்ட வயிறு. மயிலை திரும்பி அவள் தோளை நக்கியது. நாக்கு மணல்போல் சொரசொரவென்று இருந்தது. இந்த நாக்கை விட்டுவிட்டு நான் எந்த வீட்டுக்குப் போவேன் என்று நினைத்தாள், நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

"இந்தாம்மா, அந்தக் கொம்பு மின்னுற ஜோடி, முன்னாலே வா!" தரோகாவின் குரல். பக்கத்தில் துரை குதிரைமேல் இருந்தார். முகம் வெயிலில் வெந்து கிழங்காக இருந்தது. அவர் பிரம்பால் பாவாயியின் மாடுகளைக் காட்டிச் சிரித்து ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும், அதனால் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. நல்லதாக ஆறு ஜோடி தேறவில்லை போலும். கையில் வந்ததைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள், கொழந்தையனின் எலும்பும் தோலும்கூடச் சேர்ந்துவிட்டது. மனுசன் முகம் செத்துப்போயிற்று. "எம் மாட்டுக்குச் சீக்குங்க, பாருங்க, நிக்கவே முடியல" என்று கெஞ்சினார். "இழுக்கட்டும், பார்ப்போம்" என்றார் தரோகா. சங்கிலி போட்டார்கள். கடைசி ஜோடியைப் பீரங்கியின் ஏர்க்காலிலேயே பூட்டினார்கள். மற்றவை ஒன்றுக்கு முன் ஒன்றாக, எல்லாவற்றுக்கும் முன்னால் மயிலையும் காரியும். பாவாயி திரும்பிப் பார்த்தாள். பீரங்கி அவள் நினைத்ததைவிடச் சின்னது. இவ்வளவுதானா? ஊரையே உடைக்கிற சாமான் என்றார்கள், ஒரு தானியக் குதிர் கவிழ்ந்து கிடந்தாற்போல் இருக்கிறது. ஆனால் பாரம். சக்கரம் மண்ணில் பதிந்து கிடந்தது. சரிவில் வேகமாக உருண்டுவிடாமல் இழுத்துப் பிடிக்க, பின்னால் இருபது சிப்பாய்கள் கயிறு பிடித்து நின்றார்கள். இதை இழுத்துக்கொண்டு கணவாய் ஏறி, காடு தாண்டி, அந்த ஊர்க் கோட்டைச் சுவருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என் மாடு. அந்தச் சுவருக்குப் பின்னாலும் எவளோ ஒருத்தி கேழ்வரகுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பாள். துரை பிரம்பை உயர்த்தினார். ஓட்டுங்கள். பாவாயி மயிலையின் முதுகில் தட்டினாள். வடம் விறைக்கிறபோது எப்படி முதுகைத் தாழ்த்துமோ அப்படியே தாழ்த்தி இரண்டும் இழுத்தன. சக்கரம் அசைந்தது. என்ன இழுப்பு! பயத்துக்கு நடுவிலேயே அவளுக்குப் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் கூட்டத்தில் எவன் மாடு இப்படி இழுக்கும்?

இறங்கினார்கள். புதுமண் காலடியில் குளிர்ந்து கிடந்தது. சுவர் இரண்டு பக்கமும் உயர உயர, வெளிச் சத்தம் குறைந்து, மாடுகளின் மூச்சு மட்டும் கேட்டது. ஓர் எட்டு, இரண்டு எட்டு. அவளுக்குத் தானும் வடத்தின்மேல் உட்கார வேண்டும் போலிருந்தது, கால் அப்படிப் பழகியிருந்தது. அடிக்கு வந்ததும் மயிலையும் காரியும் நின்றன. யாரும் நிறுத்தவில்லை. அங்கேதான் நிற்க வேண்டும், நின்றன. பின்னால் சரிவு நெடுக ஐந்து ஜோடிகளும் நின்றன. பீரங்கி இன்னும் மேட்டிலேயே இருந்தது, ஆறு ஜோடி நீளமும் வாரி நீளமும் ஒன்றாகப் போய்விட்டது. மேலேயிருந்து தரோகா கத்தினார். மாடுகளின் காதுகள் பன்னிரண்டு ஜோடியும் பின்னுக்கு மடிந்தன. காத்திருக்கின்றன. பாவாயிக்கு அது தெரிந்தது. இப்போது ஒரு தட்டுத் தட்டி, ஹை என்று அதட்டினால் மணலில் இறங்கி அக்கரை ஏறிவிடும், சூடு வாங்கிக்கொண்டு சீரங்கப்பட்டணம் போய்விடும். ஒரு முனகல் முனகினால் பின்னால் வரும். ஆனால் இந்தச் சங்கிலிச் சத்தத்தில் முனகல் மயிலைக்குக்கூடக் கேட்காது, கடைசி ஜோடிக்கு எங்கே கேட்கும்? வாய்விட்டுப் பாட வேண்டும். முப்பத்தொன்பது ஆம்பிளைகள், இருநூறு சிப்பாய்கள், ஒரு துரை. ஊர் என்ன சொல்லும்? ஊர் ஏழு வருசமாகச் சொல்லாததையா இனிமேல் சொல்லப் போகிறது! அவள் வாயைத் திறந்தாள். முதலில் காற்றுத்தான் வந்தது. அப்புறம் குரல் வந்தது. அவளுக்கே தெரியாத குரல், கல்லிலிருந்து ஊற்று பொத்துக்கொண்டு வந்த மாதிரி, கரகரத்து, பிறகு தெளிந்து, மண்சுவரில் மோதி மேலே ஏறியது. "ஏழாம் பறி ஏறிருச்சூ… எட்டாம் பறிக்கு வாங்க சாமீ… வாங்க!"

மயிலை பின்னங்காலை எடுத்து வைத்தது. காரி எடுத்து வைத்தது. அதற்குப் பின்னால் நின்ற ஜோடியும் எடுத்து வைத்தது, அதற்குப் பின்னாலும். பன்னிரண்டு மாடுகளும் தலை குனியாமல், அவசரப்படாமல், சங்கிலி மண்ணில் தளர்ந்து கிடக்க, பின்னாலேயே மேடு ஏறின. கடைசி ஜோடி ஏர்க்காலைத் தள்ள, பீரங்கி கடகடவென்று பின்பக்கமாக உருண்டது. கயிறு பிடித்துப் பின்னால் சாய்ந்து நின்ற சிப்பாய்கள் இருபது பேரும் இதை எதிர்பார்க்கவில்லை. கயிறு தளர்ந்ததும் மல்லாந்து விழுந்தவன் பாதி, எழுந்து ஓடியவன் மீதி. ஒருவன் முண்டாசு கழன்று சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வரிசையில் நின்ற கவலைக்காரர்களிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. துரை முதலில் சிரித்தார். மறுபடியும் இறக்கச் சொன்னார். இறக்கினார்கள். அடிக்குப் போனதும் நின்றன. பாவாயி பாடினாள். இந்தத் தடவை அவள் இரண்டு சொல் பாடுவதற்குள் சரிவின் நடுவிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. கொழந்தையன். தண்ணீர் இல்லாத தொண்டை, ராகமும் சரியில்லை. "வாங்க சாமீ, வாங்க!" அடுத்தவரும் சேர்ந்தார். பீரங்கி பழையபடி பின்னுக்கு உருண்டது. மூன்றாவது தடவை மாடுகளுக்கு வேலை நன்றாகப் பிடிபட்டுவிட்டது, பாட்டுக்குக்கூட அவை காத்திருக்கவில்லை. துரையின் சிரிப்பு நின்றது. வேறு ஆறு ஜோடியைப் பூட்டச் சொன்னார். அவையும் இறங்கின, நின்றன, பின்னால் வந்தன. வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இப்போது பாடிக்கொண்டிருந்தார்கள், மாசி வெயிலில், தண்ணீரே இல்லாத ஒரு வாரிக்கு மேல் நின்றுகொண்டு.

தரோகா சாட்டையோடு ஓடி வந்தார். "யாரைக் கேட்டுப் பாட ஆரம்பிச்சே? எவன் பின்னாலே ஓட்டச் சொன்னான்? முதுகுத் தோலை உரிச்சிடுவேன்" என்று கையை ஓங்கினார். பாவாயி கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவளுக்கும் சாட்டைக்கும் நடுவில் கொழந்தையன் நின்றிருந்தார். "நாங்களுந்தானுங்க பாடுனோம். பாடாம எங்க மாடு நடக்காதுங்க" என்றார். பின்னால் இன்னொருவர் "ஆமாங்க" என்றார். அப்புறம் எல்லோரும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். நாற்பது பேரை எந்தச் சக்கரத்தில் கட்டுவது? தரோகா பாவாயியைப் பார்த்தார். "என்னத்தைச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கே இதுகளுக்கு?" அவளுக்குப் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தாள், இல்லை. "வேல முடிஞ்சா திரும்பி வரோணும்னு சொல்லிக் குடுத்துருக்கறனுங்க. உங்க பட்டாளத்துக்குத்தான் அத ஆரும் சொல்லிக் குடுக்கல" என்றாள். துரை குதிரைமேலிருந்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். தரோகா சாட்டையைச் சுருட்டிக்கொண்டார். பிறகு, இவை கிணற்று மாடுகள், பள்ளத்தைக் கண்டால் பின்னால்தான் போகும், வேறு மாதிரி பழக்க மூன்று மாதம் ஆகும் என்கிறாள் என்று சொன்னார். அவள் சொன்னதை அவர் மொழிபெயர்க்கவில்லை. பட்டாளம் நாளை மறுநாள் கிளம்ப வேண்டும். துரை ஓடையைப் பார்த்தார், கொம்பு மின்னுகிற ஜோடியை ஏக்கமாக ஒரு தடவை பார்த்தார், பிரம்பை ஈ ஓட்டுகிற மாதிரி வீசினார். எல்லாம் போகலாம். ஒன்றுகூட வேண்டாம்.

சந்தோசம் என்றால் என்ன என்று பாவாயிக்கு மறந்தே போயிருந்தது. பொட்டலைத் தாண்டி வண்டித்தடத்தில் இறங்கியபோது அது முழங்காலில் தொடங்கி மேலே ஏறியது. ஓட வேண்டும் போலிருந்தது, மாடுகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்க வேண்டும் போலிருந்தது. வேறு ஊர் மாடுகள் போகும், அது அவளுக்குத் தெரியும். சூடு வாங்கின வண்டி மாடுகள் அக்கரையில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் மட்டும் அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். பீரங்கி போகத்தான் போகிறது, அந்தக் கோட்டைக்குள் இருக்கிறவளை அவளால் காப்பாற்ற முடியாது. ஆனால் என் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த மாடு அதை இழுக்காது. நாற்பது ஜோடிக் கிணற்று மாடும் இழுக்காது. கொழந்தையன் பக்கத்தில் வந்தார். ஏதாவது கேலி சொல்லப் போகிறார் என்று பார்த்தாள். "ஏனம்மிணி, இத்தன தொண்டையையும் வெச்சுக்கிட்டா இத்தன வருசம் முனகிக்கிட்டு இருந்த?" என்றார். அவள் பாடினாள். நடுவில் ஓரிடத்தில் அந்தக் குரல் நாச்சப்பன் குரல் மாதிரி இருக்கிறதா என்று ஒரு நினைப்பு வந்தது. இல்லை. இது அவள் குரல்தான். பின்னால் மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். ஒவ்வோர் ஊர்த் தடம் பிரிகிற இடத்திலும் சில குரல்கள் பிரிந்து போயின, பிரிந்த பிறகும் காட்டுக்கு அப்பாலிருந்து கேட்டன. வீட்டுக்குப் போகாமல் நேரே கிணற்றுக்குப் போனாள். நுகத்தில் வடத்தை மாட்டி, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். வாரி அடியில் மாடுகள் நின்றதும் பறி கொட்டியது, தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் காய்ந்த பாத்தியில் நுழைந்தது. பொழுது சாய்வதற்குள் அந்தச் சுற்றுப்பட்டில் ஒரு கிணறுகூடச் சும்மா இருக்கவில்லை.